நடு வரிசையின் மினுக்கம்

என் அப்பா அந்தனிக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாமான்கள்தான். ஒன்று மினுங்குவது, மற்றது இனிமேல் மினுங்கப் போவது. கதவின் பித்தளைக் கைப்பிடி, வெள்ளிக் கரண்டி, துரையின் சப்பாத்து, கோயிலில் மெழுகுதிரி வைக்கும் தண்டு, எதுவானாலும் சரி, அவர் கையில் ஒரு துணித்துண்டு இருந்தால் போதும். "நம்ம மூஞ்சியத் தவிர தோட்டத்துல உள்ள எல்லாத்தையும் மினுக்கிடுவாரு ஒங்கப்பா" என்று அம்மா சொல்வாள். அம்மா மெட்டில்டா ரப்பர் பால் வெட்டுகிறவள். விரல்களில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வாள். அப்பா சிரிக்க மாட்டார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்.

அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு மனிதர் பதினாறு வருடம் ஒரே வீட்டை மினுக்கியிருக்கிறார். அது அவருடைய வீடும் இல்லை. எழுத இவ்வளவு போதாதா?

தொண்ணூற்றிரண்டில், யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தின் நிர்வாகம் அரசாங்கத்திடமிருந்து ஒரு கொம்பனிக்குக் கைமாறியது. தோட்டத்தை நடத்தப் புதிய துரை வந்தார். அதுவரை பங்களாவில் சமையலும் மேல்வேலையும் பார்த்துவந்த அப்பு, புதிய ஆட்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று சொல்லித் தன் ஊருக்குப் போய்விட்டார். அப்போது அப்பா மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மாதா திருநாளுக்குக் கோயிலுக்கு வந்த துரையின் மனைவி, பீடத்தில் இருந்த தண்டுகளைப் பார்த்துவிட்டு இதை மினுக்கியது யார் என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே அப்பா புல் கத்தியைக் கொடுத்துவிட்டுப் பங்களாவுக்குள் போனார்.

பங்களா வேலை என்றால் எங்களுக்கு வெறும் வேலை இல்லை. பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறையோடு தனி வீடு, வாசலிலேயே தண்ணீர்க் குழாய். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் நாலு பேர் காலை மடக்கிப் படுத்த எங்களுக்கு அது பெரிய விஷயம். அப்பாவின் வேலை போனால் அந்த வீடும் போகும் என்பது எனக்கும் தம்பி அலனுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் பங்களாப் பக்கம் போனால் எதையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்போம்.

சனிக்கிழமைதான் அப்பாவின் பெரிய நாள். தரைக்குச் சிவப்புப் பொலிஷ் பூசி, பாதித் தேங்காய் மட்டையின் மேல் ஒற்றைக் காலை வைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டி வராந்தா முழுவதும் தேய்ப்பார். பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். ஆனால் தேய்த்து முடித்த தரையில் கூரைக் கம்பு தெரியும். அதற்குப் பிறகு பித்தளை, பித்தளைக்குப் பிறகு வெள்ளி, கடைசியாகக் கண்ணாடி. அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒரு சாமானில் ஒரு மூலை மினுங்கினால் எல்லா மூலையும் மினுங்க வேண்டும். அரைகுறையாக மினுங்குவதைவிட மினுங்காமலே இருந்தால் மரியாதை என்பார். துரைமார் வந்தார்கள், போனார்கள். அப்பா அப்படியே இருந்தார்.

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கத்தில் வீரக்கொடி துரை வந்தார். அவர் வயதில் சின்னவர், தமிழை வேகமாகப் பேசுவார், பாதியில் சிங்களத்துக்குத் தாவிவிடுவார். அவரோடு ஒரு லெப்டொப்பும் வந்தது. எங்கள் தோட்டத்துக்குள் வந்த முதல் லெப்டொப் அதுதான். புத்தம் புதிது, கறுப்பு நிறம், கொம்பனி கொடுத்தது. பங்களாவின் முன்னறை மேசையில் அதைத் திறந்து வைத்துவிட்டு, துரை அப்பாவைக் கூப்பிட்டார்.

"அந்தனி, இந்த மெசின் தொட வேணாம். தூசி இருந்தா இருக்கட்டும். ஹரித, சரிதானே?"

தூசி இருந்தால் இருக்கட்டும் என்று ஒரு துரை சொல்லி அப்பா கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து அதையே நாலைந்து தடவை சொன்னார். "தூசி இருக்கட்டுமாம், மெட்டில்டா. இருக்கட்டுமாம்."

வீரக்கொடி துரை அதில் அதிகம் வேலை செய்ததும் இல்லை. அரிசியில் கல் பொறுக்குவதுபோல இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். கொழும்புக்கு எப்போதாவது ஒரு அறிக்கை. மற்ற நேரத்தில் சீட்டு விளையாட்டு, அதற்கு மௌஸ் போதும்.

அதே வருடம்தான் அலன் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கர் வேலைக்குச் சேர்ந்தான். நிரந்தரம் இல்லை. கொழும்பில் கொம்பனி வைக்கும் டைப்பிங் பரீட்சையில் தேறினால்தான் நிரந்தரம். லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை எங்கள் அலுவலகத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்பா அவனுடைய சப்பாத்தைத் தினமும் மினுக்கிக் கொடுத்தார். அலன் காலையில் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி முடிந்ததும் அன்றைய கணக்குகளை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போவான். துரை மலையைச் சுற்றிவிட்டு வந்து கையெழுத்துப் போடும்வரை முன்னறையில் காத்திருப்பான். அந்த நேரத்தில் அப்பா பின்னால் சமையலறையில் இருப்பார்.

சில மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை அப்பா முன்னறை ஜன்னலைத் திறந்தபோது வெயில் சாய்வாக வந்து லெப்டொப்பில் விழுந்திருக்கிறது. அன்றுதான் அதைக் கவனித்திருக்கிறார். எழுத்துக் கட்டைகள் வரிசை வரிசையாக இருந்தன. அவர் அவற்றைக் கட்டை என்றுதான் சொல்வார், கோயில் ஹார்மோனியத்தில் இருப்பதுபோல. மேல் வரிசை மங்கல், கீழ் வரிசையும் மங்கல். நடு வரிசையில் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு மட்டும் எண்ணெய் தடவியதுபோல மினுங்கின.

"யாரோ பாதி வேலையில எழும்பிப் போன மாதிரி கெடக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"தொடாதன்னு சொன்னாங்கல்ல. விடுங்க" என்றாள் அம்மா.

அவரால் விட முடியவில்லை. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருவார்கள், அந்த மேசையில் உட்காருவார்கள், அந்தனி பாதியைத் துடைத்துவிட்டுப் பாதியை விட்டிருக்கிறான் என்று நினைப்பார்கள். வேறு யாருடைய வேலையாக அது தெரியும்? அந்த வீட்டில் துணியைக் கையில் பிடிக்கிறவர் அவர் ஒருவர்தானே. முதலில் அதைக் கைப்பிசுக்கு என்று நினைத்திருக்கிறார். உலர்ந்த துணியால் துடைத்தார், போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. சவர்க்காரம் போட்டுப் பிழிந்த துணியால் துடைத்தார். முன்னைவிட நன்றாக மினுங்கியது.

அன்று பின்னேரம் நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"ஜொய்சி, அழுக்கு பிடிச்சா எந்தச் சாமானும் மங்கும். ஒண்ணு மட்டும் மினுங்குது. தொடச்சாலும் மினுங்குது, தொடைக்காட்டியும் மினுங்குது. இது என்னா கதை?"

எதைச் சொல்கிறார் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் புரியவில்லை. "நல்லதுதானப்பா. ஒங்களுக்கு வேலை மிச்சம்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

மினுங்குகிறதை மங்க வைக்க முடியாது என்றால் மங்கினதை மினுங்க வைக்கலாம். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஒரு துரையின் கைக்கடிகாரக் கண்ணாடியில் கீறல் விழுந்தபோது பற்பசை தேய்த்து எடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. பழைய பெனியன் துணியைத் தீக்குச்சியில் சுற்றி, பற்பசையைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு கட்டையாக ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்திருக்கிறார். எழுத்து அழியாமல், பக்கத்துக் கட்டை நனையாமல். சனிக்கிழமை தோறும், வெள்ளிக் கரண்டிகளுக்குப் பிறகு, கண்ணாடிகளுக்கு முன்னால். யாருமே அமத்தாத மேல்கோடிச் சின்னக் கட்டைகளையும் விடவில்லை. எல்லா மூலையும் மினுங்க வேண்டுமே.

ஒருவழியாக எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல வந்துவிட்டது. துரை எப்போது கவனிப்பார் என்று மனிதர் காத்திருந்தார். துரையும் கவனித்தார்.

"மொகக்த மே? என்ன இது? அந்தனி, இங்க வா. யாரு இதுல வேலை செஞ்சது?"

அப்பாவின் கணக்குப்படி, மினுக்கத்தைப் பார்த்தவர் முகம் மலர வேண்டும். துரையின் முகம் சிவந்திருந்தது.

"யாரும் ஒக்காரலைங்க தொர."

"நீ தொட்டதா?"

"இல்லீங்க."

பதினாறு வருடத்தில் அவர் ஒரு துரையிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். தொட்டால் வேலை போகும் என்ற பயத்தில் சொன்னது. அது எங்கே போய் முடியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

துரை நேராக அலுவலகத்துக்குப் போய், பெரிய கிளாக்கருக்கு முன்னால் அலனை நிற்கவைத்துக் கேட்டார். தான் வாரத்துக்கு ஒரு பக்கம்கூட எழுதுவதில்லை, கொழும்பில் தன் கூட்டாளியின் லெப்டொப் பல வருடப் பழையது, அதுகூட இப்படித் தேய்ந்து மினுங்கவில்லை, தான் மலையில் இருக்கும்போது யாரோ உட்கார்ந்து அடி அடி என்று அடித்திருக்கிறார்கள், காலையில் அந்த அறையில் இருக்கிறவன் நீ ஒருவன்தான் என்றார். கொம்பனியின் இரகசியங்களையும் பார்த்திருப்பாய் என்றார். அலன் "இல்லைங்க சேர்" என்று மட்டும் சொன்னான், தலையை நிமிர்த்தவில்லை. பரீட்சைக்கு அவனுடைய பெயர் போகாது, மாத முடிவோடு அவன் நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அலன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் துரையை, கொம்பனியை, அந்தப் பெட்டியைச் செய்தவனை, எல்லோரையும் திட்டினேன். அப்பா மட்டும் பேயறைந்தவர்போல நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜொய்சி, மினுங்குனா எதுக்கு இவன் மேல பழி வருது?"

"அப்பா, புதுசுல அந்தக் கட்டையெல்லாம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். வெரல் பட்டுப் பட்டு அந்தச் சொரசொரப்பு தேஞ்சு போகும். அப்பறம் மினுங்கும். மினுங்குதுன்னா யாரோ ரொம்ப அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அது சுத்தம் இல்லப்பா, தேய்மானம்."

"தேஞ்சா மங்கத்தானே செய்யும்."

"இது தேஞ்சா மினுங்கும்."

"அப்ப கதவுக் கைப்பிடி? அதுவும் பழசுதான், மினுங்குதே."

"அதை நீங்க மினுக்குறீங்க."

"இதையும் நான்தானே மினுக்குனேன்" என்றார் அப்பா.

அம்மா மூக்கைச் சிந்துவதை நிறுத்தினாள். அலன் திரும்பிப் பார்த்தான். அப்பா சனிக்கிழமைகளைப் பற்றி, பற்பசையைப் பற்றி, தீக்குச்சியைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அழகாகச் செய்த ஒரு வேலை எப்படித் தன் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவே இல்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவும் தோன்றியது, தோளைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது.

"காலையில நாம ரெண்டு பேரும் தொரகிட்டப் போறோம்" என்றேன்.

அலன் எழுந்து உட்கார்ந்தான். "போக வேணாம் அக்கா. அப்பாட வேலையும் போயிரும். நான் வேற எங்கயாவது பாத்துக்கிறேன். விடுங்க."

"நீ சும்மா இரு" என்றேன். பையனுக்கு ரோசம் என்று நினைத்தேன்.

மறுநாள் பங்களா முன்னறையில் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி விஷயத்தைச் சொன்னேன். துரை சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"டீச்சர், மகனைக் காப்பாத்த அந்தனி சொல்லும் கதை இது. யாராவது கீபோட் பொலிஷ் பண்ணுவானா?"

"பண்ணுனேன் தொர. சத்தியமா."

"அப்ப காட்டு. இப்ப பண்ணு."

அப்பா சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தார். குனிந்து கட்டைகளைப் பார்த்தார். மேல் வரிசை, கீழ் வரிசை, மூலைகள், அந்த நீளமான கீழ்க் கட்டை, எல்லாவற்றையும் பார்த்தார். துணி கையிலேயே இருந்தது. தேய்த்துக் காட்ட ஒரு மங்கல் கட்டைகூட மிச்சமில்லை. ஒன்றையாவது விட்டு வைத்திருந்தால் அதை வைத்து நிரூபித்திருக்கலாம். என் அப்பா எதை விட்டு வைத்தார்?

"முடிஞ்சிருச்சுங்க தொர" என்றார். "எல்லாமே முடிஞ்சிருச்சு."

துரையின் சிரிப்பு நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்த்தவனுக்கு அது நடிப்பு இல்லை என்று தெரியும். அவர் லெப்டொப்பைத் தூக்கி, கவிழ்த்து, உள்ளங்கையால் முதுகில் தட்டினார். கட்டைகளின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்து மேசையில் விழுந்தது. விரலால் தொட்டு நசுக்கி மோந்து பார்த்தார். எனக்கே அந்தப் பற்பசை வாசம் அடித்தது.

"அனே அந்தனி" என்றார் துரை. ஐயோ பாவம் என்று ஒரு சாதாரண மனிதர் சொல்வதுபோல இருந்தது.

பிறகு பேசியது துரையாகத்தான். அலனுடைய பெயர் பரீட்சைக்குப் போகும், அவனிடம் தானே சொல்வதாகச் சொன்னார். ஆனால் சொன்ன பேச்சை மீறித் தொட்டவனையும், கேட்டதற்குப் பொய் சொன்னவனையும் வீட்டுக்குள் வைத்திருக்க முடியாது என்றார். திங்கட்கிழமையிலிருந்து அப்பா புல் வெட்டப் போக வேண்டும். பின்வீட்டுக்குப் புதிய அப்பு வருவார், நாங்கள் லயத்தில் காலியாக இருக்கும் காம்பராவுக்குப் போகலாம்.

"சரிங்க தொர" என்றார் அப்பா. வெளியே வரும்போது பழக்க தோஷத்தில் கதவுக் கைப்பிடியை ஒரு தடவை துணியால் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து நான்தான் சொன்னேன். அலன் தப்பித்தான், வீடு போனது. அம்மா சட்டிபானைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அப்பா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டார். அவர் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. மகன் மேல் இருந்த பழி போய்விட்டதே.

அலன் அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, அது நான்தான்."

"எது?"

"அந்த மெசின்ல அடிச்சது நான்தான். தொர மலைக்குப் போனதும் தெனமும் அடிப்பேன். ஒபீஸ் கம்பியூட்டரைப் பெரிய கிளாக்கர் தொட விடமாட்டாரு. பரீட்சைக்குப் பழக வேற வழியில்ல. புத்தகத்துல உள்ள முதல் பாடத்தையே திருப்பித் திருப்பி அடிச்சேன். கொம்பனி இரகசியம் எதுவும் பாக்கல அப்பா, பாடம் மட்டுந்தான்."

நான் எழுந்துவிட்டேன். "அந்த மனுசன் கூனிக் குறுகி நிக்கப் போறாருன்னு தெரிஞ்சும் ராத்திரி எங்கிட்ட வாயைத் தொறக்காம இருந்தியே, வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"பயமா இருந்துச்சு அக்கா. போகாதீங்கன்னு சொன்னேன்ல. இப்பவே போயி தொரகிட்டச் சொல்றேன்."

"ஒக்காரு" என்றாள் அம்மா, பானையைக் கீழே வைக்காமலே. "சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்ல. வீட்டைக் குடுத்து ஒங்கப்பா மீட்ட வேலையை நீ தெருவுல போடாத."

அவனை ஒரு அறை விட எனக்குக் கை துடித்தது. அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கட்டையில அடிச்ச?"

அலனுக்குப் புரியவில்லை. "என்னப்பா?"

"எந்த எடத்துல? வெரலை வச்சுக் காட்டு."

அலன் இரண்டு கைகளையும் மேசையில் வைத்தான். கட்டைவிரல்களைத் தூக்கிக்கொண்டு, இந்தக் கையில் நாலு விரல், அந்தக் கையில் நாலு விரல், ஒரே நேர்கோட்டில். முதல் பாடத்தில் விரல் அங்கேயிருந்து நகரவே கூடாது என்றான். அப்பா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நடு வரிசை."

"ஆமாப்பா."

"அப்ப அது நீ செஞ்சது. துணி இல்லாம, பற்பசை இல்லாம, வெறும் வெரலால."

அலன் தலையை மட்டும் ஆட்டினான்.

அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். நல்ல வேலையைக் கண்டால் அவருக்கு வரும் குரல் ஒன்று உண்டு. கோயில் பீடத்துக்கு முன்னால் மட்டும்தான் அதை நான் கேட்டிருக்கிறேன்.

"அதுல இருந்ததுலயே நல்ல வேலை அதுதான்டா. அதைப் பாத்துப் பாத்துத்தான் மத்ததையெல்லாம் கொண்டு வந்தேன். எவ்வளவு தேச்சும் என்னுது அந்த அளவுக்கு வரவே இல்ல."

அலன் விரல்களை அப்படியே மேசையில் வைத்தபடி, அவற்றின் மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்பா திகைத்துப்போய் அவனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் திரும்பினார்.

"நல்லா இருக்குன்னுதானே சொன்னேன், ஜொய்சி. இவன் எதுக்கு அழுறான்?"